ஒரு சொல், பல பொருள்: தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் ‘ஆறு’ என்று எழுதிவிட்டு, “இதைப் படமாப் போடுங்க” என்று மட்டும் சொன்னேன். கால் மணி நேரத்தில் தாள்கள் கைக்கு வந்தன. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நீல நிறத்தில் வளைந்து ஓடும் கோடு போட்டு, கரையில் தென்னை மரம் வைத்திருந்தார்கள். நாலைந்து பேர் 6 என்று பெரிதாக எழுதிப் பூவெல்லாம் சுற்றி வரைந்திருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் டம்ளரும் டபராவும் வரைந்து, மேலே ஆவி பறக்கிற மாதிரி மூன்று நெளிகோடு இழுத்திருந்தாள். “இது என்ன கண்ணு?” என்றேன். “பால் டீச்சர். ஆறுற வரைக்கும் பொறுன்னு அம்மா சொல்லுவாங்கல்ல?” என்றாள்.

மூன்றும் சரி. அன்றைக்கு நான் எந்தச் சொல்லுக்கும் பொருள் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘ஆறு’ என்ற சொல்லின் மூன்று பொருளும் வாய்மொழியாக முன்பே தெரியும். அவை மூன்றும் எழுத்தில் ஒரே உருவத்தில் நிற்கின்றன என்பதைத்தான் அவர்கள் அதுவரை கவனிக்கவில்லை. கவனிக்க வைப்பதுதான் ஆசிரியர் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள். தஞ்சை மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் பல ஆண்டுகள் ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுத்தபோது சேர்ந்த குறிப்புகள் இவை. பெற்றோருக்கும் உதவும்.

தொடங்கும் முன்

இரண்டு வேறு விஷயங்களை ஒரே பாடமாக நடத்தாதீர்கள். ஆறு, மாலை, படி, ஓடு, திங்கள் என்று எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்து பொருள் மட்டும் வேறுபடுவது ஒரு வகை. இதைப் பலபொருள் ஒருசொல் என்கிறோம். பல்லி, பள்ளி என்றும் அரை, அறை என்றும் எழுத்து வேறாக இருந்து காதுக்கு ஒன்றுபோலக் கேட்பது இன்னொரு வகை. இவை மயங்கொலிச் சொற்கள். முதல் வகையில் பிள்ளைக்குத் தடுமாற்றம் பொருளில் வருகிறது. இரண்டாம் வகையில் எழுத்தில் வருகிறது. நோய் வேறானால் மருந்தும் வேறு.

வரிசையும் முக்கியம். ஒன்று, இரண்டாம் வகுப்பில் பலபொருள் சொற்களைப் படமாகவும் பேச்சாகவும் மட்டும் காட்டுங்கள். மூன்றில் அவற்றை எழுத வையுங்கள். மயங்கொலிகளை நான்கு, ஐந்தில் எடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளையிடம் ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் நீட்டினால் மூன்றும் போய்விடும்.

பலபொருள் சொற்களில் செய்ய வேண்டியவை

சொல்லை வாக்கியத்தோடு கொடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மாலை’ என்று தனியாக எழுதிப் பொருள் கேட்டால் பிள்ளை ஊகிக்கத்தான் செய்யும். “மாலை கட்டினாள்”, “மாலை வந்தது” என்று எழுதினால், கட்டினாள் என்ற சொல்லே பூமாலையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது புது முறை அல்ல. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பலபொருள் ஒருசொல்லைப் பிரித்து அறிய வழி சொல்லும்போது, அந்தச் சொல்லோடு வரும் வினையைப் பார், கூட வரும் இனத்தைப் பார், சார்பைப் பார் என்றுதான் வழிகாட்டுகிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘மா’. மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. மா விழுந்தது என்றால் இரண்டில் எது என்று வினையை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த மூன்றாவதை ஐந்தாம் வகுப்பில் அப்படியே வைத்துப் பார்த்தேன். “மா விழுந்தது. எது விழுந்தது?” என்று கேட்டேன். “மாவு கொட்டிடுச்சு டீச்சர்” என்றான் ஒருவன். “மாடு” என்றாள் ஒருத்தி. “கஜா புயல்ல எங்க கொல்லையில மா விழுந்துச்சு” என்று மூன்றாவது குரல் வந்ததும் வகுப்பு அடங்கிவிட்டது. 2018 நவம்பரில் அந்தப் புயல் எங்கள் பக்கத்தில் சாய்த்த மரங்களை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவர்கள். புயல் என்ற ஒரு சொல் கூடச் சேர்ந்ததும் குழப்பம் தீர்ந்ததை அவர்களே கண்டுகொண்டார்கள். ‘சார்பு’ என்ற இலக்கணச் சொல்லை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

சொல்லின் வாலைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் இதற்கு அருமையான வசதி இருக்கிறது. நதி என்ற பொருளில் ஆறு, ‘ஆற்றில் குளித்தான்’ என்று ஆகும். எண் என்றால் ‘ஆறில் இரண்டைக் கழி’ என்று நிற்கும். சூடு தணிவது என்றால் ‘ஆறியது’. தலை ஒன்று, வால் மூன்று. இதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் அவர்களே அடுக்குவார்கள். துணி காய்ந்தது, முருங்கை காய்த்தது, காயை நறுக்கு. பால் திரிந்தது, விளக்கில் திரியைப் போடு. தையில் பொங்கல், சட்டை தைத்தாள். கல்லை எறிந்தான், பாடம் கற்றான். ஒரு முறை ‘ஓடு’ எழுதியபோது ஒரு பையன், “ஓட்டை மாத்தணும்னு அப்பா சொன்னாரு. ஓடா, ஓட்டையா டீச்சர்?” என்று கேட்டான். கூரையிலுள்ள ஓட்டை மாற்றினாலும் ஓட்டை, பானையில் விழுந்ததும் ஓட்டை. அந்தக் கேள்விக்கு அன்றைய பாடவேளை முழுவதையும் கொடுத்தேன்.

உறவுள்ள பொருள்களை உறவோடு சொல்லுங்கள். கல் என்ற பொருளுக்கும் கற்பது என்ற பொருளுக்கும் இடையில் பிள்ளைக்குக் காட்டக்கூடிய பாலம் எதுவும் இல்லை. திங்கள் அப்படி அல்ல. நிலவுக்குத் திங்கள் என்று பெயர். நிலவு தேய்ந்து வளரும் ஒரு சுற்று மாதம், அதுவும் திங்கள். நிலவின் பெயரால் அமைந்த கிழமை திங்கட்கிழமை. ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிழமையும் வானத்தில் இருப்பவற்றின் பெயர்தான் என்று நான்காம் வகுப்பில் சொன்னால், அன்று சாயங்காலமே வெள்ளி எங்கே தெரியும் என்று கேட்டு வருவார்கள். கட்டிலின் கால், பந்தலின் கால், தேங்காயின் கண், ஊசியின் காது எல்லாம் உடம்பிலிருந்து போன பெயர்கள். இதற்கு மனப்பாடம் தேவையில்லை. வகுப்பறையைச் சுற்றிப் பார்த்து, உடம்பின் பெயர் எந்தெந்தப் பொருளுக்கு வந்திருக்கிறது என்று தேடச் சொன்னாலே போதும்.

பிள்ளைகளின் பேச்சில் புழங்கும் சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். “பால் எங்கடா?” என்று ஒரு பையன் கத்தினால் அவன் கிரிக்கெட் பந்தைத் தேடுகிறான். வீட்டில் அடுப்புக்கு வருவது கேஸ், கோர்ட்டில் நடப்பதும் கேஸ். பஸ்ஸில் காட்டுவது பாஸ், பரீட்சையில் ஆவதும் பாஸ். இவை ஆங்கிலச் சொற்கள் என்று தள்ள வேண்டாம். ஒரே ஒலி இரண்டு பொருளுக்கு வருகிறது என்பதைப் பிள்ளை தன் காதால் பிடிக்கும் முதல் இடம் பெரும்பாலும் இதுதான். அங்கிருந்து மாலைக்கும் படிக்கும் வருவது எளிது.

விடுகதை போட வையுங்கள். “வானத்திலும் இருப்பேன், நாள்காட்டியிலும் இருப்பேன், பாப்பா காலில் கொலுசாகவும் இருப்பேன், நான் யார்?” என்று ஒன்று சொல்லிக்கொடுத்தால் அடுத்த பத்து அவர்களே போடுவார்கள். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் வைத்துச் சிலேடை பாடியதும் இந்தக் குணத்தை வைத்துத்தான் என்று ஐந்தாம் வகுப்பில் கதையாகச் சொல்லலாம். பாட்டை நடத்த வேண்டாம்.

பலபொருள் சொற்களில் செய்யக்கூடாதவை

பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ‘அந்தக் காலத்தில் நிகண்டையே மனப்பாடம் செய்தார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சூடாமணி நிகண்டைச் சொல்ல வைத்தார்கள். அதன் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதுதான். ஆனால் அது பாட்டு. எதுகை வரிசையில் சொற்களை அடுக்கியிருக்கும். ஓசை பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இன்றைக்கு நாம் கொடுக்கும் பட்டியலில் ஓசையும் இல்லை, வாக்கியமும் இல்லை. இரண்டு கட்டம் போட்ட அட்டவணையைப் பிள்ளை எதைப் பிடித்து நினைவில் வைக்கும்?

புழக்கத்தில் இல்லாத பொருளை இந்த வயதில் கொடுக்காதீர்கள். வேலை என்றால் கடல், கால் என்றால் காற்று என்பதெல்லாம் இலக்கியத்துக்கு உரியவை. செய்யுள் படிக்கும் வகுப்புக்குப் போனதும் தானே வரும்.

எதிர்பாராத பொருளைச் சொன்ன பிள்ளையிடம் “தப்பு” என்று சொல்லி அடுத்தவரிடம் போய்விடாதீர்கள். “படின்னா அரிசி அளக்கறது” என்று ஒரு பிள்ளை சொன்னால், அது நீங்கள் எதிர்பார்த்த பதில் இல்லாமல் இருக்கலாம், சரியான பதில். படி வைத்து அளப்பது குறைந்துவிட்ட இந்தக் காலத்தில் அந்தப் பிள்ளை வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று பொருள். அந்தப் படியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மயங்கொலிச் சொற்களில்

இங்கேதான் பிள்ளைகள் அதிகம் அடிபடுகிறார்கள். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வாயைச் சரிபாருங்கள். வல்லினமும் மெல்லினமும் சொல்லித்தரும் நாமே பேசும்போது ழகரத்தைக் கைவிடுகிறோம். எங்கள் டெல்டாவில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆகும். தென் மாவட்டங்களிலும் அப்படியே. சென்னைப் பக்கம் அது யகரமாகும். கைபேசியில் உங்கள் வகுப்பை ஐந்து நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். நான் கேட்டேன். ‘ஒழுங்கா உக்காருங்க’ என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை ‘ஒளுங்கா’ என்று சொல்லியிருந்தேன் என்று தெரிந்த பிறகு, பிள்ளைகள் ஏட்டில் ‘ஒளுங்கு’ என்று எழுதுவதற்குக் கோபப்படுவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் கேட்டதைத்தான் எழுதினார்கள்.

நாக்கு எங்கே போகிறது என்று காட்டுங்கள். ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி போதும். லகரத்துக்கு நாக்கு மேல்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு மடங்கி மேல் அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு இன்னும் மடங்கி, அண்ணத்தை அழுத்தாமல் வருடிப் போகும். பல், பள், பழ் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே கண்ணாடி பார்க்கும்போது பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்காது. இதைத் தினமும் இரண்டு நிமிடம் செய்தால் போதும். நீட்டினால் விளையாட்டு கெடும்.

எல்லா மயங்கொலியையும் ஒலியால் தீர்க்க முயலாதீர்கள். நகர னகர வேறுபாடு இன்று பெரும்பாலோர் வாயில் இல்லை. ரகர றகர வேறுபாடும் குமரிப் பக்கம் போன்ற சில இடங்களில் காதில் விழுகிறதே தவிர, மற்ற இடங்களில் போய்விட்டது. உங்களுக்கே கேட்காத வேறுபாட்டை ‘நல்லாக் காது கொடுத்துக் கேளு’ என்று பிள்ளையிடம் கேட்பது நியாயமில்லை. இவற்றுக்கு இடத்தைச் சொல்லிக்கொடுங்கள். சொல்லின் முதலில் ன வராது, ண வராது. பழைய ஆசிரியர்கள் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று சொல்வார்கள். ண பக்கத்தில் ட நிற்கும்: வண்டி. ன பக்கத்தில் ற நிற்கும்: கன்று. ந பக்கத்தில் த நிற்கும்: பந்து. மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணச் சொல்வதைவிட இது பல மடங்கு நல்லது. சுழி எண்ணும் பிள்ளைக்கு எழுத்தின் உருவம் மட்டும் தெரியும். இப்படிக் கற்ற பிள்ளைக்கு எழுத்தின் தோழன் யார் என்றும் தெரியும்.

ர, ற ஐயம் வந்தால் சொல்லை இரட்டிக்க வையுங்கள். ஒரு பிள்ளை தன் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னபோது, ‘எங்கள் அப்பா மரம் ஏரி தேங்காய் பறிப்பார்’ என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அவனை அருகில் கூப்பிட்டேன். “ஏரி எங்க இருக்கு தம்பி?” என்றேன். “ஊருக்கு வெளிய.” “அப்பா அங்கயா தேங்கா பறிக்கிறாரு?” அவன் தன் எழுத்தைக் குனிந்து பார்த்தான். சிரித்தான். “ஏறுறதை வேற எப்படிச் சொல்லுவோம்? மூட்டையை லாரியில…?” “ஏத்துவோம்.” “புத்தகத்துல எப்படி எழுதியிருக்கும்?” “ஏற்று.” ற்ற வந்துவிட்டது. தமிழில் ரகரம் இரட்டிக்காது. இரட்டித்தால் அது றகரம். ஏறு, ஏற்றம், மாறு, மாற்றம், சோறு, சோற்றில், கிணறு, கிணற்றில். அவனே அழித்துத் திருத்தினான்.

ல, ள ஐயத்துக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. பல், கல், சொல் என்பவை பற்கள், கற்கள், சொற்கள் ஆகும். முள், நாள் என்பவை முட்கள், நாட்கள் ஆகும். நில், நின்றான்; கொள், கொண்டான். லகரம் போனால் ற, ன வரும். ளகரம் போனால் ட, ண வரும். கால்கள், தோள்கள் என்று மாறாமல் நிற்பவையும் இருப்பதால் இதை விதியாக எழுதிப் போடாமல் சோதனைக் கருவியாகக் கொடுங்கள். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம்.

இணையாகவோ மூன்றாகவோ சேர்த்து அறிமுகம் செய்யாதீர்கள். பெரும்பாலான பயிற்சி ஏடுகள் செய்யும் பெரிய பிழை இது. தலை, தளை, தழை என்று ஒரே வரியில் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை, அதுவரை சரியாக எழுதிக்கொண்டிருந்த ‘தலை’யையும் சந்தேகப்பட ஆரம்பிக்கும். என் வகுப்பிலேயே இதைக் கண்டிருக்கிறேன். ‘பள்ளி’ கையில் நன்றாக ஊறட்டும். ஒரு மாதம் கழித்துச் சுவரில் பல்லி வரும்போது பல்லியைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டும் தனித்தனியாக உறுதியான பிறகே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிள்ளைக்குத் தெரிந்த பொருளிலிருந்து சொல்லை எடுங்கள். கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு வாளை மீன் தெரியும். வாளை, வாழை, வாலை அவர்களுக்கு எளிது. ‘வாளை மீன் வாழை இலையில் வாலை ஆட்டியது’ என்று ஒரு வகுப்பில் பிள்ளைகளே கட்டினார்கள். மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூறைநாடு தெரியும், கல்யாணத்துக் கூறைப்புடவை தெரியும். அங்கே கூரை, கூறை நடத்துங்கள். நெசவு இல்லாத ஊரில் அதை விட்டுவிடுங்கள். அளை, கழை, மரை எல்லாம் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 பாடத்திட்டத்தில் ஒலி வேறுபாடு அறிந்து பொருள் காண்பது ஒரு பகுதி. அந்தப் பெரியவர்களுக்கான பட்டியலில் உள்ள அரிய சொற்கள் அப்படியே நான்காம் வகுப்புத் துணைநூல்களிலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மூங்கில் போதும், கழை பிறகு வரட்டும்.

தனிச் சொல்லைச் சொல்வதெழுதுதலாகக் கொடுக்காதீர்கள். “வலி” என்று நீங்கள் சொன்னால் அது உடம்பு வலியா, போகும் வழியா என்று உங்கள் வாயிலிருந்து எப்போதும் தெரிந்துவிடாது. “எனக்குப் பல் வலி”, “பள்ளிக்குப் போகும் வழி” என்று முழுதாகச் சொல்லுங்கள்.

பத்து முறை, ஐம்பது முறை எழுதச் சொல்லாதீர்கள். முதல் முறை பார்த்து எழுதும் பிள்ளை, பத்தாவது முறையில் தன் கையெழுத்தையே பார்த்து எழுதுகிறது. நடுவில் ஒரு பிழை நுழைந்தால் மீதி நாற்பதும் பிழை. கை வலிதான் மிச்சம்.

எழுத்துப் பிழையால் பொருள் மாறியதைச் சொல்லி வகுப்பே சிரிக்க விடாதீர்கள். ‘நான் தினமும் பல்லிக்குப் போவேன்’ என்று ஒரு பிள்ளை எழுதியதை ஓர் ஆசிரியர் உரக்க வாசித்ததைப் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு பல நாள் ஏட்டைக் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டது. சிரிப்பு வேண்டும் என்றால் நீங்களே பிழையாக எழுதிப் பிள்ளைகளைத் திருத்த வையுங்கள். ‘டீச்சர் இன்று கரி தோசை சாப்பிட்டார்’ என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பு முழுவதும் கை தூக்கும்.

வீட்டுப் பேச்சைப் பழிக்காதீர்கள். ‘வாளப்பளம்’ என்பது அந்தப் பிள்ளையின் தாய் சொல்லும் சொல். “வீட்டுல அப்படிச் சொல்லுவோம், ஏட்டுல இப்படி எழுதுவோம்” என்று சொன்னால் பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும். தெலுங்கு, உருது, சௌராஷ்டிரம் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். எவ்வளவு பழகியும் ஒலி வராத பிள்ளையைத் திட்டுவதற்கு முன், காது கேட்கிறதா, நாக்கில் குறை உண்டா என்று பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டிவிடுங்கள்.

ஒரே வகுப்பில் மூன்று நிலை

2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையிலும் பிள்ளைகள் ஒரே அறையில் உட்காருகிறார்கள். மூவருக்கும் மூன்று சொல் தேட வேண்டாம். ஒரே ‘படி’யை எடுங்கள். அரும்புப் பிள்ளை இரண்டு படத்தைச் சொல்லோடு கோட்டால் இணைக்கட்டும். மொட்டுப் பிள்ளை விட்டுப்போன இடத்தை நிரப்பட்டும். மலர்ப் பிள்ளை இரண்டு பொருளும் வரும்படி ஒரே வாக்கியம் எழுதட்டும். ‘படியில் உட்கார்ந்து படி’ என்று ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்தது இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் துணைநூல் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘பொருள் வேறுபாடு எழுதுக: அரை, அறை’ என்று மொட்டையாகக் கேட்பதை மூன்று, நான்காம் வகுப்புகளிலாவது நிறுத்துங்கள். ‘அம்மா மாவு ____த்தாள், நாங்கள் இருப்பது வகுப்பு____’ என்று ஒரு வரி கூடுதலாக அச்சிடுங்கள். அந்த வரி இருந்தால், பட்டியலை மறந்துபோன பிள்ளையும் யோசித்து எழுத முடியும்.